அவள் கை இறங்கும் வரை

இன்றைக்கு ஐரோப்பாவில் பெரிய பெரிய மேடைகளில் நின்று, கடல் மாதிரிக் கூட்டத்தை ஆட்டிவைக்கிறாளே ஒரு ஜொகூர்த் தமிழ்ப் பெண், டீஜே, அவளை உருவாக்கியவன் நான்தான்.

பொய். அவளுடைய ஸ்பீக்கர் பெட்டிகளைத் தூக்கியவன் நான். அதிலும் ஒன்றை மூவாரில் ஒரு மண்டபத்து வாசற்படியில் உருட்டிவிட்டேன். அவளை உருவாக்கியதாக நான் சொல்லிக்கொள்வது, கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுப்பவர் சாமியைப் பெற்றதே நான்தான் என்று சொல்லிக்கொள்வது மாதிரி. ஆனாலும் சொல்லிக்கொண்டுதான் திரிகிறேன். ஆறாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் சண்டை சச்சரவு இல்லாமல் பிரிந்துவிட்டோம். பெருமை பேச வேறு சரக்கு என்னிடம் கிடையாது.

பேரைச் சொல்ல மாட்டேன். அது அவள் கேட்டுக்கொண்டது. "எழுதுனா எழுதிக்குங்கண்ணே, பேரு மட்டும் போடாதீங்க. நான் இல்லாத எடத்துல என் பேரு சத்தம் போட்டுக்கிட்டுக் கிடக்க வேணாம்" என்றாள். சத்தத்தை வைத்துப் பிழைப்பவள் பேசுகிற பேச்சா இது என்று எனக்கு அப்போது தோன்றியது. சத்தம் போடத்தான் ஊரில் ஆயிரம் பேர் இருந்தார்களே, அவளுக்கு நிறுத்தத் தெரியும் என்பது மெதுவாகத்தான் என் மண்டையில் ஏறியது.

இப்போது குளுவாங்கில் ஒரு கல்யாண மண்டபத்தில், ஒயரெல்லாம் இழுத்து முடித்து, ஸ்பீக்கர் பெட்டி மேலேயே உட்கார்ந்து கைப்பேசியில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். அறிவிப்பாளர் தம்பி மேடையில் மைக்கைப் பிடித்து ஹலோ, ஹலோ என்று சொல்லிப் பார்க்கிறார். அவர் ஹலோ சொல்லி அலுப்பதற்குள் அவளைப் பற்றிச் சொல்லிவிடப் பார்க்கிறேன்.

அப்போது அவள் மூவாரில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் மரம் தேய்க்கிற பிரிவில் வேலை பார்த்தாள். சனி, ஞாயிறு எங்கள் கடைக்கு டீஜே. கடை என்றால் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற கடை. நான் அந்தக் கடைக்கு வேன் டிரைவர், ஒயர்க்காரன், திட்டு வாங்குபவன். மூன்றாவது வேலைதான் அதிகம். பாடகர் சுருதி விட்டாலும் என்னைத்தான் பார்ப்பார்கள். மைக் கிரீச்சிட்டாலும் என்னைத்தான். சத்தம் நின்றுவிட்டதோ, மண்டபத்தில் கைக்குழந்தை முதற்கொண்டு கழுத்தைத் திருப்பி என்னைத் தேடும்.

இப்படிப்பட்ட பிழைப்பு பிழைப்பவனுக்குத்தான் ஆண்டவன் அவளை அனுப்பினான்.

மற்ற டீஜேக்கள் கூட்டம் சூடானால் இன்னும் ஏற்றுவார்கள். கையைத் தூக்குங்க, கத்துங்க என்பார்கள். அவள் வாயே திறக்க மாட்டாள். மண்டபம் கொதித்து, பெரியவர்கள்கூட நாற்காலியை ஒதுக்கிவிட்டு எழுந்து, அடுத்த அடி விழப்போகிறது என்று எல்லாரும் ஒரு காலைத் தூக்கியிருப்பார்கள் பாருங்கள், அங்கே வெட்டிவிடுவாள். மெல்லக் குறைப்பதெல்லாம் இல்லை. கதவைச் சாத்தின மாதிரி. தூக்கிய கால் தூக்கியபடி நிற்கும். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அப்புறம் அந்த அடியைப் போடுவாள். கூரை பறக்கும்.

பத்து பகாட் ஊரில் ஒரு பிறந்தநாள் விருந்தில் முதல் தடவை அதைச் செய்தாள். நான் வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு ஓடினேன். எதைப் பிடுங்குவது, எதைச் சொருகுவது என்று தெரியாமல் கைக்குக் கிடைத்த பிளக்கைப் பிடுங்கினேன். அதுதான் சரியான பிளக். அவள் அடியைப் போட்டாள், வரவில்லை. அன்றைக்குக் கூரை அதே இடத்தில் இருந்தது.

திரும்பும்போது வேனில் நான் அவளுடைய திட்டுக்காகக் காதைத் தயாராக வைத்திருந்தேன். அவள் திட்டவில்லை.

"ஏண்ணே புடுங்குனீங்க?"

"நின்னுபோச்சேன்னுதான்."

"நான்தானே நிப்பாட்டுனேன்."

"நல்லாப் போய்க்கிட்டு இருக்கறத யாராச்சும் நிப்பாட்டுவாங்களா லா?"

"நல்லாப் போறப்பதாண்ணே நிப்பாட்டணும். நல்லாப் போகலன்னா அதுவே நின்னுரும்."

அன்றைக்கு வேனிலேயே ஒப்பந்தம் போட்டோம். அவள் உள்ளங்கையைக் காட்டிக் கையைத் தூக்கினால் அது அவள் வேலை, நான் எதிலும் விரல் வைக்கக் கூடாது. கை இறங்கினால் சத்தம் வரும். கை தூக்காமல் சத்தம் நின்றால் மட்டும் நான் ஓடலாம். ஒயர்க்காரனுக்கு இதைவிட எளிமையாக யாரும் பாடம் எடுத்ததில்லை.

மேடையில் மட்டும் இல்லை, எல்லாவற்றிலும் அவள் அப்படித்தான். தே தாரேக் குடித்தால் கடைசி மடக்கை விட்டுவிட்டு எழுந்துவிடுவாள். நகைச்சுவை சொன்னால் கடைசி வரியைச் சொல்ல மாட்டாள். மறுநாள் காலையில் வேன் கழுவும்போது எனக்கு அது விளங்கி, தனியாக நின்று சிரிப்பேன், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். நான் பேசிக்கொண்டிருக்கும்போதும் பாதியில் எழுந்து போவாள். அதுவும் அவளுடைய கலை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நான் அறுக்கிறேன் என்பதை என் பெண்டாட்டிதான் எடுத்துச் சொன்னாள்.

இந்தப் பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதை ஒரு சனிக்கிழமை மத்தியானம் கண்ணால் பார்த்தேன். அரைநாள் வேலை முடிந்து வரும் அவளை ஏற்றிக்கொள்ளத் தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். உள்ளே மெஷின்கள் போடுகிற சத்தத்தில் பல் ஆடியது. ஆட்கள் பக்கத்தில் நிற்பவர் காதில் வாயை வைத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரம் வந்ததும் வயசான சீன முதலாளி, தவுக்கே என்பார்கள், கைலியோடு தானே நடந்து வந்து மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார். கரண்டை மிச்சம் பிடிக்கிறாராம். மெஷின்கள் ஒவ்வொன்றாக மூச்சை விட்டு, முனகி, அடங்கின. தூசி உறிஞ்சுகிற பெரிய குழாய் கடைசியாக அடங்கியது.

அவள் அந்தக் குழாய்க்குக் கீழே கைப்பேசியை உயர்த்திப் பிடித்துப் பதிவு செய்துகொண்டு நின்றாள். வெளியே வந்ததும் கேட்டாள்.

"பாத்தீங்களா? எல்லாரும் தோள எறக்குனாங்க."

நான் பார்க்கவில்லை. என் கண் சாப்பாட்டுப் பொட்டலங்கள் பக்கம் போயிருந்தது.

"காலையிலேர்ந்து தூக்கி வச்சிருந்தோம்னு அவங்களுக்கே அப்பத்தாண்ணே தெரியும்" என்றாள்.

அந்தச் சத்தங்களை வைத்து ஒரு பாட்டு செய்தாள். எழுதிப் பாடுகிற பாட்டு இல்லை. வீட்டு அறையில் கணினியில் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிச் செய்கிற மின்னிசை. வார்த்தையே கிடையாது. செய்து முடித்ததும் முதலில் என் வேனில்தான் போட்டுக் கேட்பாள். என் ரசனைக்காக என்று நினைத்துவிடாதீர்கள். என் வேனில் ஒரு பக்க ஸ்பீக்கர் செத்துப்போனது, மறுபக்கம் சாகக் கிடந்தது. இதில் நன்றாகக் கேட்டால் எங்கேயும் நன்றாகக் கேட்கும் என்பது அவள் கணக்கு.

மரம் தேய்க்கிற மெஷின் சத்தத்தில் தொடங்கியது. அதற்கு மேல் அடி விழுந்தது. ஸ்டீரிங்கில் என் விரல் தானாகத் தட்டியது. ஏறிக்கொண்டே போய் உச்சிக்கு வரும்போது மெஷின்கள் எல்லாம் மூச்சு விட்டு இறங்கி, அப்புறம் ஒன்றுமே இல்லை. ரோடு சத்தம் மட்டும். மிச்சம் இருந்த ஸ்பீக்கரும் செத்து ரோசாக் ஆகிவிட்டது என்று டேஷ்போர்டைக் குத்தினேன்.

"குத்தாதீங்கண்ணே. அதான் பாட்டு."

அந்தப் பாட்டைத்தான் வெளிநாட்டில் இசைத்தட்டு வெளியிடுகிற ஒரு கம்பெனிக்கு அனுப்பினாள். பதில் வந்தது. பாட்டு ரொம்பப் பிடித்திருக்கிறதாம், வெளியிடத் தயாராம். ஒரே ஒரு சின்ன விஷயமாம், நடுவில் இருக்கிற அந்த இடைவெளியை எடுத்துவிட வேண்டுமாம். கேட்பவர்கள் பாட்டு கெட்டுப்போய்விட்டது என்று வேறு பாட்டுக்குத் தாவிவிடுவார்களாம். அவள் என்னிடம் யோசனை கேட்டாள். எடுத்துட்டுப் போ லா, ஒன்றும் இல்லாததை எடுப்பதில் என்ன நஷ்டம் என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே வியாபார யோசனை அது. அவள் அந்தக் கம்பெனிக்கு முடியாது என்று எழுதிவிட்டாள்.

அடுத்ததாக அவள் பிடித்தது சிங்கப்பூரில் கடற்கரை இசை விழாவுக்கு ஆள் எடுக்கிற ஓர் அம்மாவை. தமிழ்ப் பெண்மணிதான். பாட்டைக் கேட்டுவிட்டு அவரும் அதே குறையைத்தான் சொன்னார். நடுவில் கூட்டம் கலைந்துவிடும், கலையாது என்று நீ சொல்வதை நான் எப்படி நம்புவது என்றார். சிகாமட்டில் என் மாமா மகன் கல்யாண விருந்துக்கு நீதானே டீஜே, அங்கே போடு, பார்க்கிறேன் என்றார்.

அதே வாரம் தொழிற்சாலையில் அவளைச் சூப்பர்வைசராக்குகிறோம் என்றார்கள். நிலையான வேலை. ஆனால் சனி, ஞாயிறு முழு நாளும் வர வேண்டும். அதாவது டீஜே வேலைக்கு முழுக்கு. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். சிகாமட் கல்யாண விருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவள் அம்மா அந்த வேலையை ஏற்றுக்கொள் என்று ஒரு தடவைதான் சொன்னாராம், அதற்கு மேல் வற்புறுத்தவில்லையாம்.

"அம்மா கேக்கறது தப்பில்லண்ணே" என்றாள், சிகாமட்டுக்குப் போகிற வேனில். "இன்னிக்குக் கூட்டம் கலஞ்சிருச்சுன்னா நாளைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுருவேன்."

"அப்ப இன்னிக்கு மட்டும் நிப்பாட்டாம போடேன்."

"நிப்பாட்டாம போட்டா எடுத்துக்குவாங்க. யாரை எடுத்துக்குவாங்க?"

நான் ஹாரன் அடித்தேன். முன்னால் வண்டியே இல்லை.

சிகாமட் மண்டபத்தில் வலது பக்கம் பெண் வீட்டார், இடது பக்கம் மாப்பிள்ளை வீட்டார், நடுவில் ஆட இடம். பெண்ணுக்குப் பெரியப்பா ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்டபத்தையே தோளில் தூக்கி வைத்திருப்பவர் மாதிரி நடந்துகொண்டிருந்தார். சிங்கப்பூர் அம்மா இடது பக்கத் தூண் அருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆடவில்லை, சாப்பிடவும் இல்லை. பிரியாணியைப் பார்த்தும் சாப்பிடாதவரைக் கண்டால் எனக்குப் பயம்.

தொடக்கத்தில் ஒரு சினிமாப் பாட்டில் அவள் சின்னதாக ஒரு வெட்டு வெட்டினாள். கை மேலே போயிருந்தது, அதனால் நான் அசையவில்லை. பெரியப்பா நேராக என்னிடம் வந்தார்.

"ஏம்ப்பா சவுண்டு, கல்யாண வீட்ல சத்தம் நிக்கலாமா? சகுனம் வேணாம்? மெஷின பாக்காம ஆகாசத்த பாத்துக்கிட்டு..."

அங்கே அவள் கை இறங்கியது. அடி விழுந்தது. பெரியப்பா உடம்பு அவரைக் கேட்காமலேயே குதித்துவிட்டது. ஆடிக்கொண்டே திட்டினார். திட்டுகிற விரல் என் பக்கம் நீண்டபடியே இருக்க, இடுப்பு மட்டும் தாளத்துக்குப் போனது. அப்படியே பின்பக்கமாக ஆடிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தன் பாட்டை எடுத்தாள். நாற்காலி மெஷின் சத்தம் என்று யாருக்கும் தெரியாது. அடி பிடித்தது. பட்டுச்சேலைகள் எழுந்தன. ஏறிக்கொண்டே வந்தது. அவளுடைய இடைவெளி வருவதற்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. நான் தட்டோடு பிரியாணி வரிசையில் நின்றேன்.

சத்தம் நின்றது.

அவள் கையைப் பார்த்தேன். கை தூக்கவில்லை. ஸ்பீக்கர் பெட்டியில் எரிகிற சின்ன விளக்கும் இல்லை. மேலே காற்றாடிகள் மெதுவாகிக்கொண்டிருந்தன.

சமையல்காரர் தேத்தண்ணி கொதிக்கவைக்கிற பெரிய மின்சாரக் கேனைச் சொருகியிருந்தார். என் பிளக்கில் கை வைக்காதீர்கள் என்று காலையிலேயே கெஞ்சியிருந்தேன். அவரும் சொன்ன சொல் தவறாமல் பக்கத்துப் பிளக்கில் வைத்தார். இரண்டும் ஒரே லைன் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கேனைப் பிடுங்கிவிட்டு, மேடைக்குப் பக்கத்துக் கதவோரம் இருந்த சுவிட்சுப் பெட்டிக்கு ஓடினேன். மண்டபம் பெரியது, என் தொப்பையும் பெரியது. நான் ஓடி முடிப்பதற்குள் பிற்பாடு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை அவள் சூப்பர்வைசர் வேலையை வேண்டாம் என்றாள். சிங்கப்பூர்க் கடற்கரை மேடையில் நின்றாள். அங்கே கேட்ட வேறொரு கம்பெனி அந்தப் பாட்டை இடைவெளியோடு இசைத்தட்டாகப் போட்டது. அந்தத் தட்டுதான் அவளை விமானத்தில் ஏற்றியது. கடற்கரைக்கு அவள் அம்மாவை நான்தான் பஸ்ஸில் கூட்டிப்போனேன். அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார். சத்தம் நின்ற இடத்தில் மட்டும் கையை எடுத்துவிட்டு, "இது நல்லாருக்கு" என்றார். சிகாமட்டில் போனது கரண்டுதான் என்பதை அவள் விருந்து முடிந்த கையோடு சிங்கப்பூர் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அந்த அம்மா சிரித்தார். இன்று வரை நம்பவில்லை.

சுவிட்சுப் பெட்டிக்கு வந்துவிட்டேன். ஒரு கையில் இன்னும் பிரியாணித் தட்டு. திரும்பிப் பார்த்தால், என் ஜென்மத்தில் முதல் தடவையாக மண்டபத்தில் ஒருவர்கூட என்னைத் தேடவில்லை. எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் இல்லை, காற்று இல்லை, ஆனால் யாரும் நாற்காலிக்குத் திரும்பவில்லை. சிலர் ஓடிப்போய்க் காரணம் கேட்கப் பார்த்தார்கள். பெரியப்பா இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

"எங்க போறீங்க? நில்லுங்க. அது அப்படித்தான் நிப்பாட்டும் அந்தப் பொண்ணு. வரும்."

சொல்லிவிட்டுக் கைதட்டத் தொடங்கினார். பெண் வீட்டார் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு விட்டுக்கொடுக்கலாமா, மாப்பிள்ளை வீட்டாரும் தட்டினார்கள். பெண் பக்கம் வேகம், மாப்பிள்ளை பக்கம் நிதானம். இரண்டும் இரண்டு ஊர்த் தாளம்.

அவளைப் பார்த்தேன். கணினியில் பேட்டரி இருந்தது, அதனால் அவள் காதுக்கருவியில் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. செத்தது பெட்டிகள் மட்டும். ஒரு காதில் பாட்டையும் மறு காதில் கைதட்டலையும் வைத்துக்கொண்டு, பாட்டின் வேகத்தை விரலால் நகர்த்திக்கொண்டிருந்தாள். நான் சுவிட்சில் விரலை வைத்துவிட்டு, போடட்டுமா என்று தலையாட்டினேன்.

அவள் கையைத் தூக்கினாள். உள்ளங்கை என் பக்கம்.

அலமாக். கரண்டு என் விரல் நுனியில் இருக்கிறது, நாளைக்குக் கையெழுத்து இருக்கிறது, தூணோரம் அந்த அம்மா கட்டிய கையை அவிழ்த்துவிட்டார், இவள் பொறு என்கிறாள். இது அவள் நிறுத்தியதே இல்லை. சமையல்காரர் நிறுத்தியது. ஆனால் கை தூக்கிய நொடியில் அது அவளுடையதாகிவிட்டது. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். நான் விரலை அசைக்கவில்லை. பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

அவள் பெண் பக்கம் பார்த்துத் தலையை மெதுவாக அசைத்தாள். அந்தப் பக்கம் கொஞ்சம் அடங்கியது. மாப்பிள்ளை பக்கம் பார்த்தாள். அங்கே கொஞ்சம் ஏறியது. சிங்கப்பூர் அம்மாவும் கைதட்டிக்கொண்டிருந்தார், தனக்கே தெரியாமல். இரண்டு பக்கத்துத் தட்டலும் கிட்டக்கிட்ட வந்துகொண்டிருந்தது, இதோ, இன்னும் ஒரு தட்டு, அது ஒன்றாக விழுந்தால்...

"அண்ணே."

அறிவிப்பாளர் தம்பி. இங்கே குளுவாங் மேடையிலிருந்து வெறும் தொண்டையில் கூப்பிடுகிறார்.

"அண்ணே, மைக்கு செத்துப்போச்சுண்ணே. பொண்ணு மாப்பிள வாசலுக்கு வந்துட்டாங்க. ஓடியாங்க."

மண்டபத்தில் இருக்கிற அத்தனை கழுத்தும் என் பக்கம் திரும்பிவிட்டது. இங்கே யாரும் கை தூக்கவில்லை, இது சுத்தமாக என் ஒயர்தான். போகிறேன். அவள் கை அப்படியே மேலேயே இருக்கட்டும்.